பாதி மைதானம்

பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். சங்க அலுவல் பார்க்கும் கந்தோரின் சுவரில் இருந்த மணிக்கூட்டை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்திருந்தேன், அதனால் நேரம் மனதில் நிற்கிறது. யன்னலுக்கு வெளியே, எங்கள் கிராமச் சங்க மைதானத்தின் வாசலால் பெண்பிள்ளைகள் ஒரு வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முன்னுக்கு இரத்தினம் ரீச்சர். கடைசியாக என் மகள் சாந்தா. வாசலைத் தாண்டும்போது அவள் ஒருமுறை திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். கந்தோர்ப் பக்கம் பார்க்கவில்லை. அவர்கள் வாய்க்கால் கட்டை நோக்கிப் போனார்கள். சண்டை வளராமல் ஒருவாறு முடிந்தது என்ற நிம்மதியோடு நான் யன்னலை விட்டு விலகி மேசைக்கு வந்தேன்.

கிராமச் சங்கங்களுக்குப் புதிதாகக் காரியதரிசியாக வந்திருக்கும் தம்பிமாரே, போன வருடம்தான் நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பினேன். சட்டமும் வரியும் கூட்டக் குறிப்பும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நான் எழுத வந்தது வேறு. ஒரு இடத்தை இரண்டு பகுதியார் பங்குபோட்டுப் பாவிக்கும்போது, நடுவில் நிற்கிறவன் நீங்களாக இருப்பீர்கள். அந்த நடுவில் நான் எப்படி நின்றேன் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

வட்டக்கச்சிக்கு அப்பால், காடு வெட்டிக் குடியேறிய ஊர் எங்களுடையது. முக்கால்வாசிப் பேர் என்னைப்போல் யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து வந்தவர்கள். மிச்சப் பேர் முள்ளியவளைப் பக்கத்துப் பழைய வன்னிச் சனம், தலைமுறை தலைமுறையாக வயல் செய்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இருந்தது, மைதானம் இல்லை. சங்கத்துக்கு மைதானம் இருந்தது, அதன் ஓரத்தில் ஒரு அறைக் கந்தோரும் இருந்தது, கூட்டம் நடத்த மண்டபம் இல்லை. ஆகவே பெரிய வாத்தியாரின் அறையில் தேத்தண்ணி குடித்தபடியே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நாலரை மணி வரையும் மைதானம் பள்ளிக்கூடத்துக்கு. பிறகு இளைஞர்களின் கரப்பந்துக்கு. மாதாந்தக் கூட்டத்தைச் சங்கம் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பறையில் வைத்துக்கொள்ளும். விளையாடி முடித்த இளைஞர்கள் பள்ளிக்கூடக் கிணற்றில் முகம் கழுவலாம்.

அது நன்றாகவே ஓடியது. எங்கள் அக்கிராசனர் பெருத்த மனிதர். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற சின்ன வாங்கிலிருந்து அவர் எழும்பினால் வாங்கும் சேர்ந்து எழும்பும். "காரியதரிசியர், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறினது, வாங்கும் எழும்பி நிண்டு ஆதரிச்சது எண்டு எழுதும்" என்பார். இரண்டு வருடம் ஒரு சச்சரவும் இல்லை. அந்த ஏற்பாட்டைப் பார்க்க வேறு ஊர்க் காரியதரிசிகள்கூட வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு இரத்தினம் ரீச்சர் வந்தா. தையல் படிப்பிக்க வந்தவா, பெண்பிள்ளைகளை ஓடவைக்க வேண்டும் என்று நின்றா. அதுவரை எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு இருந்தது தேசிக்காய் ஓட்டம் மட்டும். கரண்டியில் தேசிக்காயை வைத்து, அது விழாமல் நடக்கிற ஓட்டம். ரீச்சர் நூறு யார் தூரம் ஓடுகிற ஓட்டம் கேட்டா. வெல்கிற பிள்ளை கிளிநொச்சியில் நடக்கும் வட்டாரப் போட்டிக்குப் போகலாம். தாய் தகப்பன்மார் தயங்கினார்கள். என் மனைவியும்தான். "ஓடித் திரியிற பெட்டையை நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்று கேட்டாள். நான்தான் முதலில் ஓம் என்றேன். காரியதரிசியாரின் மகளே ஓடுகிறாள் என்றதும் மற்றவர்களும் பிள்ளைகளை விட்டார்கள்.

சாந்தாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் கிணற்றடிக்கு வாளியோடு போனாலும் ஓடித்தான் போவாள். ரீச்சரின் பயிற்சி தொடங்கிய பிறகு அவள் சாப்பாடு கூடியது, கதை கூடியது. "அப்பா, கடைசிப் பத்து யாரிலை மூச்சு விடக்கூடாது, தெரியுமோ?" என்று எனக்குப் பாடம் எடுப்பாள்.

போட்டிக்கு ஒன்றரைக் கிழமை இருக்கும்போது மழை வந்தது. மாசியில் வரக்கூடாத மழை. அரிவு வெட்டி, நெற்கதிரைச் சூடு என்கிற போராகக் குவித்து வைத்திருந்த நேரம். மூன்று நாள் விடாமல் பெய்தது. வயல்களில் முழங்கால் அளவு தண்ணீர். நெல் அடிக்கிற களங்கள் எல்லாம் சேறு. மழை விட்ட வெள்ளிக்கிழமை காலை வேலாயுதம் அண்ணை கந்தோருக்கு வந்தார். பழைய வன்னிச் சனத்தில் மூத்த கமக்காரர். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மடித்திருந்த கையை என் மேசைக்கு மேலே விரித்தார். உள்ளங்கையில் நெல்மணிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை முளை.

"பாருங்கோ ஐயா. இனி விதைநெல்லுக்கு அலையத் தேவையில்லை. சூட்டுக்குள்ளையே அடுத்த போகம் முளைக்குது." சிரித்தார். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

"என்ன செய்யவேணும் அண்ணை?"

"இந்த ஊரிலை காலிலை சேறு ஒட்டாத இடம் உங்கடை மைதானம் ஒண்டுதான். கிறவல் மேடு. நெற்கதிரை அங்கை கொண்டுவந்து காயவைச்சு, மாடு விட்டு மிதிச்சு எடுத்துப்போடுவம். இல்லாட்டில் எங்கடை பக்கத்துச் சனம் இந்த வருசம் பட்டினிதான்."

நான் இரண்டு கேள்வி கேட்டேன். எவ்வளவு இடம் வேணும்? எத்தனை நாள் வேணும்? பாதி மைதானம், ஒரு கிழமைக்கு உள்ளே என்றார். பெரிய வாத்தியாரிடம் போனேன். அவரும் நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். மற்றப் பாதியில் பிள்ளைகள் நீளவாட்டில் நூறு யார் ஓட இடம் தாராளம். ஓட்டக்கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து, மைதானத்தின் நடுவால் என் கையாலேயே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஒருவருக்கும் நட்டமில்லாத தீர்ப்பு என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த இரண்டு கேள்வியும் பிழையான கேள்விகள் என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாவது ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

நான் வளர்ந்த ஊரில் வயல் சின்னது. கதிரை வீட்டு முற்றத்திலேயே அடிப்போம். அடிப்பதும் தூற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். நெல் காய்கிற பாயைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். வன்னியில் களம் என்பது வேறு. அது கோயில் மாதிரி. சாணம் மெழுகி, நடுவில் பூசை செய்து, ஓரத்தில் வேப்பங் கொப்பு நட்டு விட்டால், செருப்புக் கால் அதில் படக்கூடாது. நெல்லை அங்கே நெல் என்றும் சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். முதல் பொலி கோயிலுக்குப் போகும். பெண்கள் அந்த வெளிக்குள் வரக்கூடாது. இது வேலாயுதம் அண்ணைக்குத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பது மாதிரித் தெரிந்த விசயம். எனக்குத் தனியாகச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

சனியும் ஞாயிறும் நல்ல வெயில் எறித்தது. பள்ளிக்கூடமும் கந்தோரும் பூட்டு. திங்கள் காலை நான் வந்தபோது அந்தப் பாதி சாணம் மெழுகிப் பளபளவென்று கிடந்தது. கிறவல் கல்லு நெல்லோடு சேராமல் இருக்க மெழுகியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓரத்தில் நட்டிருந்த வேப்பங் கொப்பைக் கண்டேன், அது நிழலுக்கு என்று நினைத்தேன். இரண்டு முழ வேப்பங் கொப்பு யாருக்கு நிழல் தரும் என்று ஒருதரம் யோசித்திருக்கலாம். எருமைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மற்றப் பாதியில் ஆண்பிள்ளைகள் பயிற்சி செய்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது.

பின்னேரம் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வாசலுக்குள் பெண்பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வேலாயுதம் அண்ணை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மாட்டை மறிக்கிற மாதிரி நின்றார்.

"நாங்கள் எங்கடை பாதியிலைதானே நிக்கிறம்?" என்று ரீச்சர் கேட்டா.

"களத்துக்குப் பாதி இல்லை ரீச்சர். பொலி கிடக்கிற வெளி முழுக்கக் களம்தான். என்ரை மனுசியே சோத்துப் பெட்டியை வாசலிலை வைச்சிட்டுத்தான் போறா."

"காலமை பெடியங்கள் ஓடினவங்கள்தானே?"

"அவங்கள் செருப்பைக் கழட்டிப்போட்டு ஓடினவங்கள்."

"எங்கடை பிள்ளையளுக்குக் கழட்டச் செருப்பே இல்லை."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேலாயுதம் அண்ணை சிரிக்கவில்லை. குரலைத் தணித்தார். "எனக்கு உங்களோடை கோபம் இல்லை, பிள்ளை. மழை விட்டு வைச்சது இவ்வளவுதான். இதுக்குள்ளை ஒரு குறை வந்தால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தம்பிமாரே, இந்தத் தருணம் உங்களுக்கும் வரும். ஒருவரின் சோறு ஒரு பக்கம், ஒருவரின் ஓட்டம் மற்றப் பக்கம் என்று வந்தால், சோறுதான் பெரியது என்று மனம் உடனே சொல்லும். அதற்குப் பிறகு யோசிக்கத் தோன்றாது. மாடுகளை ஒரு மணித்தியாலம் அவிழ்த்துவிட்டு, பொலியைப் படங்குச் சீலையால் மூடி, ஒரு பூசை செய்து இடம் விடலாமா என்று அவரைக் கேட்டிருக்கலாம். அவர் மறுத்திருக்கவும் கூடும். பள்ளிக்கூட முற்றத்து மரங்களில் இரண்டைத் தறித்து ஓட வழி செய்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ரீச்சர், ரெண்டு மூண்டு நாள்தானே. வேறை எங்கையாவது பாருங்கோவன்."

"எங்கை சேர்? உங்கடை கந்தோருக்குள்ளையோ?"

இம்முறை பிள்ளைகள் சத்தமாகவே சிரித்தார்கள். சாந்தா சிரிக்கவில்லை. "அப்பா, கோடு போட்டது நீங்கள்தானே?" என்றாள்.

"வீட்டை வந்து கதைப்பம்" என்றேன்.

ரீச்சர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினா. "வாங்கோ பிள்ளையள். வாய்க்கால் கட்டு நேராத்தானே கிடக்கு." அன்று காலை அதே கட்டால், சைக்கிளில் ஏறமுடியாமல் சேற்றில் உருட்டிக்கொண்டுதான் நான் கந்தோருக்கு வந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் அந்த வாசலில் நின்று பதில் சொல்லவேண்டி வரும். அவர்கள் போனார்கள். நாலு பத்து.

கந்தோரைப் பூட்டிவிட்டு அக்கிராசனர் வீட்டுக்குப் போனேன். போட்டிக்கு முன்னம் மைதானத்தை எப்படியாவது மீட்கவேண்டும் என்று அவரிடம் சொல்லத்தான் போனேன்.

"வேலாயுதத்தாரைப் பகைக்கேலாது, காரியதரிசியர். பெட்டையள் ஓடாட்டில் சூரியன் நிண்டிடுமோ?"

"என்ரை மகளும் அதிலை ஒருத்தி, ஐயா."

"அப்ப வலு சுகம். தகப்பன் சொன்னால் கேப்பாள்தானே. தேத்தண்ணியைக் குடியும்."

குடித்தேன். ஊர்ப் புதினம் கதைத்தோம். பொழுது சாயத்தான் வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாந்தா உங்களோடை வரேல்லையே?"

நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அப்படியே திருப்பிக்கொண்டு வாய்க்கால் கட்டுக்குப் போனேன். ஒருவரும் இல்லை. ஈரக் கட்டில் சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள், ஒன்றுக்கொன்று நல்ல எட்டத்தில், நேராகப் போயின. மதகுக்குக் கிட்ட, கட்டின் ஓரம் ஒரு ஆள் நீளத்துக்குப் பிய்ந்து தண்ணீருக்குள் சரிந்திருந்தது. அதற்கு அங்கால் தடங்கள் வேறு மாதிரிக் குழம்பிக் கிடந்தன. புல்லில் ஒரு நீல ரிபன். சாந்தாவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் காலையில் என்ன நிற ரிபன் கட்டினாள் என்பது எனக்குத் தெரியாது.

மழைத் தண்ணீர் கட்டு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு இறங்கினேன். கரைப் புல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில், காலால் அடிமண்ணைத் தடவித் தடவித் தேடினேன். காலில் ஏதோ மெத்தென்று பட்டது. குனிந்து எடுத்தேன். ஊறிய வைக்கோல் கட்டு. அந்த வைக்கோல் கட்டை நான் இன்றும் தூக்கத்தில் எடுக்கிறேன்.

மாடுகளை ஓட்டிச் சாய்த்துக்கொண்டு மற்றக் கரையால் வந்த ஒருவர் என்னைக் கண்டு நின்றார்.

"ஆரையோ வண்டிலிலை ஏத்திக்கொண்டு போகினம் ஐயா. ரீச்சர் அம்மாவும் கூடப் போனவா."

"உயிரோடையோ?"

"தெரியாது ஐயா. நான் எட்டத்திலை நிண்டனான்."

எந்தப் பக்கம் போனது என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். சொட்டச் சொட்ட நனைந்து வந்த என்னை மனைவி பார்த்தாள். படலையடியில் அப்படியே குந்தியிருந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். வண்டிலில் ரீச்சரும் கூடப் போனா என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வந்த காலத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கடைசியில் சொல்ல எனக்கு மனம் இல்லை. அந்தச் சனிக்கிழமை போட்டி நடந்தது. மைதானம் முழுவதும் வெறுமையாக, துப்புரவாகக் கிடந்தது. பெண்பிள்ளைகளுக்கு நூறு யார் ஓட்டம் நடக்கவில்லை. ஒரு தாய் தகப்பனும் பிள்ளையை விடவில்லை. தேசிக்காய் ஓட்டம் மட்டும் நடந்தது. நான் முதலில் ஓம் என்றபோது என் பின்னால் வந்தவர்கள், என் வீட்டைப் பார்த்தே திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் இரத்தினம் ரீச்சர் மாற்றம் கேட்டுப் போய்விட்டா. பள்ளிக்கூடத்தார் பின்பக்கத்துக் காட்டைத் துப்புரவாக்கி, சுற்றி முள்ளுக்கம்பி அடித்துத் தங்களுக்கென்று ஒரு சின்ன மைதானம் செய்துகொண்டார்கள். சங்கம் தனக்கு ஒரு மண்டபம் கட்டியது. பள்ளிக்கூடக் கிணற்றடிக்கு இளைஞர்கள் போவதும் நின்றது. எல்லாருக்கும் எல்லாம் தனித்தனியாகக் கிடைத்தது. அதை முன்னேற்றம் என்றுதான் கூட்டத்தில் பேசினார்கள். நானும் கைதட்டினேன்.

சாந்தாவின் கால் எலும்பு பொருந்தியது, கொஞ்சம் கட்டையாகப் பொருந்தியது. இப்போது அவள் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பஸ் பிந்துகிற நாளில் என்னால் கதிரையில் இருக்கமுடியாது, படலையடிக்குப் போய்விடுவேன். "உள்ளுக்குப் போங்கோ அப்பா, சனம் பாக்குது" என்று தூரத்திலேயே ஏசிக்கொண்டு வருவாள். அவள் நடையின் சத்தம் எனக்கு இருட்டிலும் தெரியும்.

உங்களிடம் மைதானம் கேட்டு, மண்டபம் கேட்டு, கிணறு கேட்டு ஆட்கள் வருவார்கள். எவ்வளவு இடம், எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நீங்கள் உள்ளே நிற்கும்போது யார் வெளியே நிற்கவேண்டி வரும் என்றும் கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். மறைப்பதற்காக அல்ல, அது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைப்பார்கள்.

அன்றைக்குப் படலையடியில் நாங்கள் இருந்த இடத்துக்கு வருகிறேன். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கை வளைகிற முடக்கில் வண்டிலின் சத்தம் கேட்டது. மாடுகளுக்கு முன்னால் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வந்தார். வேலாயுதம் அண்ணை. மேலில் சால்வை இல்லை. பள்ளம் திட்டி வரும் இடமெல்லாம் மாட்டை நிறுத்தி, வண்டில் சில்லை ஒரு கையால் தாங்கி, மெல்ல மெல்லக் கொண்டுவந்தார்.

மனைவி ஓடினாள். நான் ஓடவில்லை. அவள் வண்டிலை எட்டிப் பார்த்து, "பிள்ளை!" என்று கத்திய பிறகு, உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்த பிறகுதான் நான் நடந்தேன்.

வண்டில் தட்டு நிறைய நெல். சாந்தா இடுப்பு வரைக்கும் அதற்குள் புதைந்து கிடந்தாள். அவள் தலையை ரீச்சர் மடியில் வைத்திருந்தா. ரீச்சரின் சேலையெல்லாம் சேறு. தட்டின் மூலையில் மஞ்சள் துணி கட்டிய சாக்கு ஒன்று, வாய் அவிழ்ந்து வெறுமையாகக் கிடந்தது. கோயிலுக்கென்று கட்டிய முதல் பொலி அது என்று மனைவிக்கும் விளங்கிவிட்டது.

"அழாதேங்கோ தங்கச்சி" என்றார் வேலாயுதம் அண்ணை. "மதகுக் கட்டிலை கால் அடிபட்டிட்டுது, அவ்வளவுதான். சத்தம் கேட்டு நாங்கள்தான் ஓடிப்போய்த் தூக்கினனாங்கள். சொல்லிவிட்ட பிள்ளை கந்தோர் பூட்டிக்கிடக்கெண்டு திரும்பி வந்திட்டுது. மருந்து குடுக்கிற அப்போத்திக்கரி ஐயாவிட்டைக் காட்டினது. விடிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகட்டாம். கால் அசையப்படாது. அதுதான் பொலியைக் கொட்டி இறுக்கிப் புதைச்சுக் கொண்டந்தனான்."

"அண்ணை, கோயிலுக்கு எடுத்து வைச்சதல்லோ?" என்று கேட்டாள் மனைவி.

"ஓம்."

அவர் லாம்பை வண்டில் தட்டில் வைத்தார். சாந்தாவின் காலைச் சுற்றி நெல் சரிந்திருந்த இடத்தில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, தட்டிச் சரிசெய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, வேப்பங் கொப்பைப் பிடுங்கிப்போட்டு வந்திட்டன். மிச்ச நெற்கதிரை எங்கையாவது கொண்டுபோறன். பிள்ளையளை நாளைக்கு வந்து ஓடச்சொல்லுங்கோ."